அஞ்சாத பேனா

வாசகசாலைச் செயலாளர் ஜெயன் ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்தியபோது, சுகிர்தபாய் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கை வெட்டி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஜெயன் நெய்யாற்றின்கரைக்காரன், பாறசாலைக்கு உத்தியோக மாற்றலில் வந்தவன். நல்ல பையன், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். ஆனால் ஊரின் பழங்கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

"அம்மா, சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில விழா. நம்ம பக்கத்துல பத்திரிகை நடத்தின பெரியவங்களை கௌரவிக்கிறோம். கண்டிப்பா வரணும்" என்று சொல்லி, அழைப்பிதழோடு ஒரு விழா மலரையும் நீட்டினான். அட்டையில் இரண்டு கிழவர்களின் படம். எல்லைச்சுடர் பத்திரிகையின் ஆசிரியர் பரமசிவன், அதை அச்சடித்து வெளியிட்ட ராஜதாஸ்.

சுகிர்தபாய் கையில் ஒட்டியிருந்த கிழங்கு மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் மிஷன் பள்ளியில் படித்தவள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக இருந்த அந்த மலரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நடுப்பக்கத்தில், எல்லைச்சுடரில் வந்த பழைய செய்தி ஒன்றை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார்கள். மேலே 'அஞ்சாத பேனா' என்று தலைப்பு. கீழே அந்தப் பழைய எழுத்து:

'குடிவெறியில் மருந்து மாற்றிய கம்பவுண்டர். காரோட்டுக் குழந்தை பலி.'

முதல் வரியிலேயே பெயர் இருந்தது. யோசுவா. அவளுடைய புருஷன்.

ஜெயன் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டான். அவள் அங்கேயே, கிழங்குத் துண்டுகளுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டாள்.

இருபது வருஷத்துக்கு முந்தைய காரியம். அமரவிளைக்கு அருகே ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரியில் யோசுவா கம்பவுண்டர். குப்பியில் மருந்து ஊற்றி, காகிதத்தில் அளவு வெட்டி ஒட்டிக் கொடுப்பார். குடியை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிற ஆள். காரோட்டிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தை மறுநாள் இறந்தது. குழந்தையின் மாமன் துக்கம் தாங்காமல் எதையோ சொல்ல, அது அப்படியே பத்திரிகையில் வந்தது. பிறகு விசாரணை நடந்தது. மருந்து சரிதான், குழந்தைக்கு வந்தது மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் அங்கே நின்றவர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டவர்கள் பத்துப் பேர். பத்திரிகையைப் படித்தவர்களோ ஊர் முழுக்க.

யோசுவா பாறசாலைச் சந்தைப் பக்கம் இருந்த அச்சகத்துக்கு நடையாய் நடந்தார். பரமசிவன் சார் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைப்பார். "அடுத்த இதழில் போடுவோம்" என்பார். அடுத்த இதழும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. யோசுவா கையால் ஊற்றிய மருந்தை யாரும் வாங்காமல் போனதும் டாக்டர் அவரை நிறுத்திவிட்டார். அப்புறம் பாலராமபுரத்தில் நூலுக்குச் சாயம் முக்குகிற வேலை. நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்புமாக வீட்டுக்கு வருவார். ஊரில் அவருக்கு 'மருந்துமாத்தி' என்று பெயர் விழுந்தது. பிள்ளை ஷாஜியைப் பள்ளிக்கூடத்தில் 'மருந்துமாத்திக்க மவன்' என்றார்கள். அவன் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். யோசுவா நெஞ்சுச் சளியில் படுத்து எழும்பாமலே போனார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெயரும் தேய்ந்தது. இப்போது ஆட்டோ ஸ்டாண்டில் ஷாஜி வெறும் ஷாஜிதான்.

மத்தியானம் சோற்றுக்கு வந்த ஷாஜியிடம் அவள் மலரைக் காட்டினாள். அவன் நின்றபடியே பார்த்தான். முகம் கறுத்தது.

"அம்மே, இதைக் கொண்டு அடுப்பில வையுங்க."

"நான் போய்க் கேக்கப் போறேன், மக்கா."

"ஆருட்ட? என்னத்தை? ஊரு மறந்தாச்சு. இதை ஆரு இப்பம் படிக்கப் போறா? எல்லாவனும் அட்டையைப் பாத்துட்டு வீசிப்போடுவான். நீங்க போய்க் கேட்டா அதாக்கும் வினை."

"அப்பனுக்க பேரு இதில கிடக்குது. நான் எப்பிடி சும்மா இருக்கியது?"

 அவன் சோற்றில் கை வைக்காமல் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவள் பரமசிவன் சார் வீட்டுக்குப் போனாள். சாரின் மனைவி சரசம்மா கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் சார் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, எங்கோ புறப்படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தலையில ரத்தம் கட்டினதுக்குப் பொறவு ஒண்ணும் ஓர்மை இல்ல" என்று சரசம்மா தணிந்த குரலில் சொன்னாள். "என்னையே சில நாளு ஆருண்ணு கேப்பாரு. சனிக்கிழமை எப்பிடி மேடையில இருத்தப் போறாங்களோ."

சுகிர்தபாய் கட்டிலருகே போய் நின்றாள். பாதி ஆயுசு மனதுக்குள் சேர்த்து வைத்த பேச்சு அவளிடம் இருந்தது. எந்தச் சொல்லை முதலில் சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள்.

"சார், நான் கம்பவுண்டர் யோசுவாவுக்க பெண்டாட்டி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அழகாகச் சிரித்தார். நாற்காலியைக் கையால் காட்டினார்.

"இருங்க, இருங்க. செய்தி ஏதாவது உண்டா? எழுதித் தாருங்க. அடுத்த இதழில் போடுவோம்."

 ஒரு கணம் சுகிர்தபாய்க்கு அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கண்ணில் கள்ளம் இல்லை. அவள் யாரோடு சண்டை போட வந்தாளோ அந்த ஆள் அந்த வீட்டில் இல்லை.

சரசம்மா வாசல்வரை கூடவே வந்தாள். "நீங்க என்ன காரியமா வந்திய?" என்று கேட்டாள். "சும்மாதான், சாருக்குத் தீனம்ணு கேட்டேன், பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு சுகிர்தபாய் இறங்கி நடந்தாள்.

ராஜதாஸின் வீடு நெய்யாற்றின்கரையில். பஸ் பிடித்துப் போனாள். அவருக்கு உடம்புதான் தளர்ந்திருந்தது, புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அவளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மலரை அவள் நீட்டியபோது வாங்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"அதை நான் தேர்ந்தெடுக்கல்ல, சுகிர்தம். வாசகசாலைப் பயலுக பழைய பத்திரிகைக் கட்டைப் பிரிச்சு, எது பெரிய எழுத்தில கிடந்ததோ அதை எடுத்துப் போட்டிருக்கானுவ."

"அது பொய்யிண்ணு உங்களுக்குத் தெரியும் இல்லியா?"

 உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"தெரியும். விசாரணை முடிஞ்ச அண்ணைக்கே தெரியும். ஆனா அந்த ஒரு இதழாக்கும் அச்சடிச்சது முழுக்க வித்துப் போனது. அதோடதான் ஊரு எங்களை ஒரு பத்திரிகைண்ணு மதிச்சுது. மறுத்து எழுதினா பின்னே எவன் நம்புவாண்ணு பரமசிவன் கேட்டாரு. நானும் செரிண்ணுட்டேன்."

"என்கிட்ட சொல்லி என்ன செய்யியது? சனிக்கிழமை மேடையில சொல்லுங்க. அவரு குடிக்கல்ல, மருந்து மாத்தல்ல. அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ராஜதாஸின் கண் கலங்கியிருந்தது. "சொல்லுதேன்" என்றார். "கர்த்தர் சாட்சியா சொல்லுதேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு மூச்சு லேசாக இருந்தது. அமரவிளைப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனபோதுகூட எரிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஷாஜியிடம் சொன்னாள். அவன் "பாப்பம்" என்றான். ஆனாலும் சனிக்கிழமை அவனே ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு போய் வாசகசாலை முன்னால் இறக்கினான். உள்ளே வரவில்லை.

பந்தல் நிறைந்திருந்தது. எல்லார் மடியிலும் மலர். சிலர் அதை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். எல்லையின் இந்த மலையாளப் பக்கத்தில் தமிழில் ஒரு பத்திரிகையை அத்தனை காலம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா என்று கேட்டார். உண்மைதான், லேசுப்பட்ட காரியம் இல்லை. பரமசிவனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். சரசம்மா பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ராஜதாஸ் மைக் முன்னால் வந்தார். சுகிர்தபாய் இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டாள். அச்சகம் தொடங்கிய கதை, மழையில் காகிதம் நனைந்த கதை, செக்போஸ்டில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்த கதை எல்லாம் சொன்னார். சனங்கள் சிரித்தார்கள். அப்புறம் தன் தோளில் போர்த்தியிருந்த பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க பிழையே செய்யல்லேண்ணு சொல்ல மாட்டேன். அறிஞ்சும் அறியாமலும் சிலருக்கு நோவு உண்டாக்கியிருப்போம். அவங்க எல்லாரும் எங்களை மன்னிக்கணும்."

அவ்வளவுதான். கையைக் கூப்பினார். பந்தலே அதிர்கிற மாதிரி கைதட்டல். தலைவர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு, "பாருங்க, பெரிய மனசுண்ணா இதாக்கும்" என்றார். கைதட்டல் இன்னும் கூடியது.

சுகிர்தபாய் தான் எழுந்ததை அறியவில்லை. வரிசைகளுக்கு நடுவில் நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"அந்தச் சிலரு ஆருண்ணு சொல்லுங்க சார்."

ராஜதாஸ் தோளில் கிடந்த பொன்னாடையின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"எனக்கு வாக்குத் தந்தியளே. நீங்க சொல்லல்லேண்ணா நான் சொல்லுதேன்." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரல் மைக்கிலும் ஏறி எல்லார் காதிலும் விழுந்தது. "எனக்க வீட்டுக்காரரு கம்பவுண்டர் யோசுவா. இந்தப் புஸ்தகத்துக்க நடுப்பக்கத்தில அவரைப் பத்திப் போட்டிருக்கு. அது பொய்யி. அவரு குடிச்சதில்ல. அந்தப் பிள்ளை காய்ச்சல்ல செத்தது. அது இவியளுக்குத் தெரியும்."

 அப்புறம் ஒரு சத்தம் எழும்பியது. முதலில் முன்வரிசையில், பிறகு பின்னால், பிறகு பந்தல் முழுக்க. காகிதம் புரளுகிற சத்தம். மலரை அதுவரை திறக்காதவர்களெல்லாம் நடுப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள். 'குடிவெறியில்' என்ற சொல் அங்கேயும் இங்கேயும் மெதுவாக எழும்பி எழும்பி அடங்கியது.

சுகிர்தபாய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஜெயன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "அம்மா, இது கௌரவிக்கிற சபை. பெரியவங்க மனசு நோகக் கூடாது. பின்னே நிதானமாப் பேசலாம்." மேடையில் இருந்த பரமசிவன் அவளைப் பார்த்து, தெரிந்தவரைக் கண்ட மாதிரி, சிரித்துக் கை கூப்பினார். அடுத்தது பள்ளிப் பிள்ளைகளின் திருவாதிரைக் களி ஆட்டம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பிள்ளைகள் வெள்ளைச் சேலையும் மல்லிகைப்பூவுமாக ஏறினார்கள்.

வெளியே ஷாஜி ஆட்டோவில் இருந்தான். எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தான். வண்டியைக் கிளப்பினான். வீடு வரும்வரை அவன் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் இருந்தாள்.

திங்கட்கிழமை ஸ்டாண்டில் ஒருவன் கேட்டானாம்: "எலே ஷாஜி, உனக்க அப்பனாக்குமா அது?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அறியாமல்தான் கேட்டான். புதன்கிழமைக்குள் 'மருந்துமாத்தி' திரும்ப வந்துவிட்டது. இந்த முறை அதைச் சொன்னவர்கள், யோசுவாவைக் கண்ணால்கூடப் பார்க்காத பயல்கள். அந்த வாரக் கடைசியில் ஷாஜி ஆட்டோவைப் பாலராமபுரம் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஜெயன் ஒரு சாயங்காலம் வந்தான். குற்றவுணர்ச்சியோடுதான் வந்திருந்தான். பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"கமிட்டியில பேசினோம்மா. மிச்சம் இருக்கிற மலர்ல ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம்ணு முடிவு செய்தோம். ஆனா போய்ப் பாத்தா மிச்சம் ஒண்ணும் இல்ல. விழா முடிஞ்ச மறுநாளே ஆளுக வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. எப்பவும் கட்டுக்கட்டாக் கிடக்கும். இந்த வாட்டி இப்பிடி."

அவள் தலையசைத்தாள்.

"ராஜதாஸ் சார்ட்ட எழுதி வாங்கலாம்ணு போனேன். அவருக்கு உடம்பு சுகமில்ல, ஆரையும் பாக்க முடியாதுண்ணு வீட்டில சொல்லிட்டாங்க. உங்கட்ட அந்த விசாரணைக் காகிதம் ஏதாவது உண்டா?"

"வாயால சொல்லிட்டுப் போனாவ. நாங்க அதை மதிச்சோம். காகிதம் கேக்கணும்ணு அறியல்ல."

"அந்த டாக்டர்?"

"செத்துப் போயி காலமாச்சு."

ஜெயன் சாயாவை ஒரு மடக்கு குடித்தான். சுகிர்தபாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்த பையன், இரக்கம் உள்ளவன், அவளுக்காக ராஜதாஸ் வீட்டுவரை போய் வந்தவன்.

"நீங்க சொல்லுங்க, சார். அவரு குடிக்கல்லேண்ணு நீங்க நம்புதியளா?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.  பொய் சொல்லத் தெரியாதவன்.

"நான் அந்தக் காலத்துல இங்க இல்லியேம்மா" என்றான்.

அவன் போன பிறகு அவள் கிளாஸை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. ஷாஜி பாலராமபுரத்திலிருந்து வர இன்னும் நேரமாகும். அவனுக்குச் சோறு வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அடுப்பருகே போய் உட்கார்ந்தாள். விறகு கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. தீ மூட்டத் தோன்றவில்லை.