மூன்று அங்குலம்

என் வீட்டுக்காரர் தச்சர். நாற்பது வருடமாக ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கதவும் அலமாரியும் செய்து கொடுத்தவர். அவர் மாட்டிய கதவை ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கதவு கிடையாது.

எங்கள் வாசல் கதவை வெளியிலிருந்து காலால் ஓர் உதை விட்டால்தான் திறக்கும். உள்ளேயிருந்து என்றால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க வேண்டும். மாடிக் குளியலறையில் தாழ்ப்பாளை லேசாகத் தூக்கி, கதவை இடுப்பால் ஓர் இடி இடித்து, அப்புறம் இழுக்க வேண்டும். சரி பண்ணுங்கள் என்றால், "நாளைக்குப் பாக்கறேன்" என்பார். முதல் ஆறு வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் என் காலும் இடுப்பும் பழகிவிட்டன, வாயும் ஓய்ந்துவிட்டது. இப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

வீட்டை விற்க வேண்டி வந்தது அவருடைய முழங்காலால்தான். இனிமேல் படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கோ படுக்கையறை, குளியலறை இரண்டுமே மாடியில். இவர் படியில் உட்கார்ந்துகொண்டு, கையை ஊன்றி ஊன்றிப் பின்பக்கமாக ஏறுவார். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்தது. பெயருக்குக்கூட ஒரு படி கிடையாது. அதன் சொந்தக்காரம்மா, "ரெண்டு மாசம் உங்களுக்காகக் காத்திருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அதற்குள் எங்கள் வீடு விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீடும் போச்சு, இவர் காலும் போச்சு.

விற்பதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. வாசலுக்குப் பூவேலை செய்த புதுக் கதவு என்றார் அவர். குளியலறை முழுக்கப் புது டைல்ஸ் என்றேன் நான். தரகர் இரண்டையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வாங்கறவங்க வந்ததும் அவங்க இஷ்டத்துக்கு உடைச்சுப் போட்டுடுவாங்க. நீங்க போட்ட காசு திரும்பி வராது. சார், உங்க பூவேலைக் கதவும் அப்படித்தான். ஒழுகறது, உடைஞ்சது, இறுகிப்போனது, இதுங்களை மட்டும் சரி பண்ணுங்க. வெளிச் சுவருக்கு ஒரு கோட் பெயிண்ட் அடிங்க. போதும்."

"எங்க வீட்ல ஒழுகறதும் இல்ல, உடைஞ்சதும் இல்ல" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில். சத்தியமாக அப்படித்தான் நினைத்தோம். திட்டுவதற்கு ஞாபகம் வரும் தாழ்ப்பாள் விற்பதற்கு ஞாபகம் வரவில்லை.

வெளிச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தோம். அடுத்த வாரமே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் நல்ல சிரித்த முகம். மாடியெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். போனவள் வரவில்லை. முதலில் லொட்டு லொட்டு என்று தட்டினாள். அப்புறம் கத்த ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணும் பயப்படாதம்மா! தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிட்டு, இடுப்பால நல்லா ஒரு இடி இடி!"

பக்கத்தில் நின்றிருந்த அவள் புருஷனின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. இவர் உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறி, உளியை விட்டு நெம்பித் திறப்பதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனால் அந்தக் கதவும் திறக்கவில்லை. நான்தான் போய்த் தொங்கித் திறந்துவிட்டேன்.

தரகர் போனில் பல்லைக் கடித்தார். "உங்க வீடு உங்க கண்ணுக்குத் தெரியாதும்மா. இந்த வீட்ல இருந்து பழகாத ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. கொஞ்சம் வாய் நீளமா இருந்தா இன்னும் நல்லது."

வாய் நீளம் என்றால் என் நாத்தனார்தான். ஆளும் நெட்டை, வாயும் நெட்டை. நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். ஏதோ ஒரு கல்யாணத்தில் வரிசைப்படி என்னைக் கூப்பிடவில்லை, உன்னைக் கூப்பிடவில்லை என்று ஆரம்பித்து, எங்களுக்குள் ஏழு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மானத்தை விட்டு நானே போன் பண்ணினேன். ஏழு வருடக் கோபத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு நோட்டோடு வந்து இறங்கினாள்.

"அண்ணி, இந்த ஸ்விட்சு என்ன மூணு தடவை போட்டாத்தான் எரியுது? இந்தக் குழாயை ஏன் இப்படித் திருகு திருகுன்னு திருகணும்? இங்க டைல் ஆடுது, கால் இடறி விழறதுக்கா? எப்படித்தான் இதுல குடித்தனம் பண்ணுனீங்களோ!"

எனக்குச் சுருக்கென்றது. ஆடுகிற டைலை நாங்கள் தாண்டித்தான் நடப்போம். தாண்டுகிறோம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்து மூன்று குறை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் பிள்ளையைப் போலத் தலையாட்டினார். கடைசியில் சமையலறைக்கு வந்தாள்.

"என்ன அண்ணி, மேடை இவ்வளவு தாழ்வா இருக்கு? சின்னப் பிள்ளைங்க விளையாட வச்ச மாதிரி? நின்னு நாலு வெங்காயம் நறுக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். மத்த வீட்டு மேடைங்க இதைவிட மூணு இஞ்ச் உயரம். எழுதிக்கறேன்."

"அது இருக்கட்டும்" என்றார் இவர்.

"ஏன் அண்ணா?"

"அது சரியாத்தான் இருக்கு. அதைத் தொட மாட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! நாத்தனார் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. "கட்டுன பொண்டாட்டி இருபத்தாறு வருஷம் கேட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டீங்க. யாரோ முகம் தெரியாதவ வரப்போறான்னதும் இருபத்து மூணையும் செய்யறேன்னு தலையாட்டறீங்க. எனக்குன்னு இந்த வீட்ல ஒரு ஆணி அடிச்சிருப்பீங்களா? இப்ப மேடைக்கு மட்டும் என்ன வீம்பு? அந்த வீடு கையை விட்டுப் போகணும், அதுதானே வேணும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "சரி, தூக்கிடலாம்" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பதினொரு நாளில் எல்லாவற்றையும் முடித்தார். வாசல் கதவை இழைத்த அன்று, நான் பழக்கதோஷத்தில் உதைத்து, கதவோடு நானும் உள்ளே போய் விழுந்தேன். எழுந்து ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் போய் மூடியது. சந்தோஷம் எங்கே வந்தது, அழுகைதான் வந்தது. இதைத்தானே கேட்டேன்.

மேடையைக் கடைசியாக வைத்துக்கொண்டார். மேலே கல், கீழே இவர் செய்த மரச் சட்டமும் அலமாரியும். மாப்பிள்ளை தன் கார் ஜாக்கியைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க, இவர் தரையில் படுத்துக்கொண்டு மூன்று அங்குலக் கட்டைகளைச் சொருகினார். வழக்கமாக வேலை முடிந்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்குத் தோள்பட்டையில் ஒரு வலி. ராத்திரியானால் தைலம் தேய்க்காமல் தூங்க முடியவில்லை. வீடு விற்கிற கவலை, வயசும் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். இவர் தைலத்தை எடுத்துக் கொடுப்பாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா என் நாத்தனாருக்கு அக்கா மாதிரி அவ்வளவு உயரம். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். நேராகச் சமையலறைக்குப் போய் மேடையில் இரண்டு கையையும் வைத்து நின்றார்.

"இப்ப இருக்கற வீட்ல குனிஞ்சு குனிஞ்சு என் முதுகே போயிடுச்சு. இது வசதியா இருக்குங்க" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே பேசி முடித்தார்கள். நாத்தனாருக்கு நானே போன் பண்ணி, "நீ ஜெயிச்சிட்டம்மா" என்றேன்.

சாமான் கட்டுகிற அன்று மேடைக்குக் கீழே அலமாரியைக் காலி பண்ணித் துடைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் அடைத்தே கிடந்ததால், உள்ளே தலையை விட்டுப் பார்த்ததே இல்லை. பின்பலகையில் பென்சில் எழுத்து. இவருடையதுதான். அளவுகளை மரத்திலேயே எழுதி வைக்கிற பழக்கம்.

'ஊர் மேடை 34. அவ முழங்கை 36, அதுல 5 கழிச்சு நம்ம மேடை 31.'

தோள் விண் விண்ணென்று தெறித்தது. இருபத்தாறு வருடம் அந்த மேடையில் மூன்று வேளையும் நின்றிருக்கிறேன். ஒரு நாள் வலித்ததில்லை. வலிக்காததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

துடைக்கிற துணியோடு கூடத்துக்குப் போனேன். அவர் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மேடையை என் அளவுக்கா வச்சீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு அந்தப் பேச்சு பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ தூக்க விட மாட்ட. வீடு வித்தாகணுமே" என்றார்.

"ஒரு ஆணி அடிச்சீங்களான்னு கேட்டுட்டேன். பாவி நான்" என்றேன். உடனே, "அதுக்காக அந்தத் தாழ்ப்பாளை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சிடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

புது வீட்டுக்குப் போன அன்று வாசலிலிருந்து படுக்கையறை வரைக்கும் அவர் தானாக நடந்தே போனார். எங்கும் உட்காரவில்லை. நான் சமையலறைக்குப் போய், பால் காய்ச்சலாமென்று அடுப்பை மேடையில் வைத்தேன். கை தூக்கிக்கொண்டு நின்றது. ஊர் மேடை, முப்பத்து நாலு. சரி, இனிமேல் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பின்னால் டேப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. காதில் பென்சிலோடு நின்றிருந்தார். கட்டில்கூட இன்னும் பூட்டவில்லை, மூட்டையெல்லாம் அப்படியே கிடந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்றேன் நான்.

"பேசாம நேரா நில்லு" என்றார். "கையை மடக்கு."