ரதிக்கு லீவு முடிகிறது

1

பட்டாளத்து வீரக் கதை ஒன்று வேண்டுமென்று பத்திரிகைக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பட்டாளத்தான் கந்தப்பன். அவன் சுட்டதெல்லாம் முகாம் அடுப்பில் ரொட்டிதான். கதை இப்படி ஆனதற்கு அதுதான் காரணம்.

2

1953, மாசி. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பனி மெல்ல...

(பனியை அடித்துவிட்டேன். இலங்கை மலைநாட்டுக் கதையைப் பனியில்தான் தொடங்க வேண்டுமென்று யார் சட்டம் போட்டது?)

நேராகவே சொல்கிறேன். கந்தப்பனுக்குச் சீட்டுப் பைத்தியம். முகாமில் பை காலியானால் லீவை வைத்து ஆடுவார்கள். தோற்றவன் தன் லீவை விட்டுக்கொடுத்து அங்கேயே கிடக்க வேண்டும். அப்படித் தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. மாசியில் ஒருவழியாக வந்து சேர்ந்தவனிடம் மனைவி பூரணி சொன்னாள்:

"இன்னொரு லீவ வச்சு ஆடுனீங்க, நான் எங்கம்மா லயத்து வீட்டுக்குப் போயிருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் மன்மதன் கதை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷத்துக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டாள். மீசை போயிற்று. கையில் விரதக் காப்பு ஏறிற்று. அதை அவிழ்க்கும்வரை சூது கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டவும் கூடாது.

3

அவனைப் போலவே லீவில் வந்திருந்த முகாம் கூட்டாளி ஆண்டியப்பன், எல்லை ஓடைக்கு அந்தப்பக்கம் சீட்டுக்கட்டோடு வந்து குந்தினான்.

"ரதியம்மா, ஒரு கை போடுவோமா?"

"காப்புக் கட்டியிருக்குடா."

"நீ தாண்ட வேணாம். சீட்ட நான் எறியிறேன். ஜெயிச்சா என் சித்திரை லீவு ஒனக்கு!"

கந்தப்பனின் விரல்கள் ஒத்திகைச் சேலையின் தலைப்பைச் சீட்டைப் போலக் கலைத்துக் கலைத்து அடுக்கின.

(இங்கே அவனை ஆடவிட்டு ஒரு பிரதி எழுதினேன். தோற்றான். பூரணி மூட்டை கட்டுவதை எழுதக் கை வரவில்லை; கிழித்துப் போட்டேன். பெரிய எழுத்தாளராக இருந்தால் எழுதியிருப்பேன்.)

"போடா, கூத்து வாத்தியார் தேடுவாரு" என்று கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

4

கூத்து முடிந்த காலை. கூத்து வாத்தியார் ஒவ்வொருவர் காப்பாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். கந்தப்பன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"எனக்கு இருக்கட்டும் வாத்தியாரே."

"மத்தியானம் பஸ்ஸுக்குப் போவணும்ல? காப்போட எப்படிடா எல்லை தாண்டுவ?"

"அவுத்தா, அங்க போயி ஆடிருவேன்."

பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னையப் பாக்காதீங்க. ஒங்க கைதானே, நீங்களே சொல்லுங்க."

அவிழ்த்தால் முகாம், சீட்டுக்கட்டு. அவிழ்க்காவிட்டால் பட்டாளம் தேடி வரும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கந்தப்பன் என்னை முறைக்கிறான்.

பஸ் மத்தியானம்தான். பூரணி தேத்தண்ணி போட்டுவிட்டாள். இருவரும் லயத்து வாசலில் வெயில் காய்கிறார்கள். அவர்களைக் கிளப்ப எனக்கு மனமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.