பதினான்கு வருடப் பள்ளம்

வீட்டில் எல்லோரும் அவனைக் கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பட்டம் அவனை விட்டுப் போகவில்லை. பங்குகளை அலசி, வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. ஊர் ஊராகக் குப்பை அள்ளி, தரம் பிரித்து, மறுசுழற்சி செய்து விற்கும் ஒரு பெரிய கம்பெனியை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். ஏழு வருடமாக அதன் கணக்கைத்தான் கிளறிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக் குப்பையை வெளிய வைக்கச் சொன்னா நாலு தடவை கூப்பிடணும். ஊர்க் குப்பைன்னா மட்டும் ஓடுவான்" என்று அக்கா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். டாக்டர் எழுதிய சீட்டையே இரண்டு முறை படித்துப் பார்க்கிறவள், தம்பி சொன்னால் மட்டும் மறுபேச்சு பேச மாட்டாள். அவனும் தன் அறிக்கை வெளியானதும் அவளிடம் வாய் ஓயாமல் அளப்பான். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தாள்.

குப்பைக் கம்பெனிக்கு லாரிகளைவிடப் பெரிய சொத்து பள்ளம். மறுசுழற்சிக்கு ஆகாத மிச்சத்தைக் கொட்டி மூடுகிற இடம். அதைத் தோண்டித் தயார் செய்ய ஆன செலவை, பள்ளம் நிரம்ப எத்தனை வருடம் ஆகுமோ அத்தனை வருடத்துக்கும் பிரித்துக் கணக்கில் எழுதுவார்கள். பள்ளம் நிறைய நாள் தாங்கும் என்று சொன்னால் வருடச் செலவு குறையும், லாபம் கொழுக்கும்.

இந்த வருட ஆண்டறிக்கையில் பள்ளத்தின் மிச்ச ஆயுள் பதினான்கு வருடம் என்று போட்டிருந்தது. வழக்கம்போல அதைத் தன் அட்டவணையில் ஏற்றினான். ஏதோ உறுத்தியது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். போன வருடமும் பதினான்கு. அதற்கு முந்தைய வருடமும் பதினான்கு. எப்போது கேட்டாலும் முப்பத்தொன்பது என்று வயது சொல்கிறவர்களைப் போல, அந்தப் பள்ளத்துக்கு வயதே ஏறவில்லை. மூன்று வருடமும் அந்த எண்ணைத் தன் கையாலேயே ஏற்றியிருக்கிறான். அவனுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாளே அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போய், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேட்டை வாங்கிப் புரட்டினான். குட்டு வெளிப்பட்டது. இன்னும் இருபது மீட்டர் உயரம் கொட்டிக்கொள்ளக் கம்பெனி கேட்டிருந்தது. மூன்று வருடமாக அனுமதி கிடைக்கவில்லை. கிடைக்காத அந்த உயரத்தை வருடத்துக்கு வருடம் கூடுதலாக இடமாக எண்ணித்தான் பதினான்கு மாறாமல் வந்திருக்கிறது. உள்ளபடி பார்த்தால் ஐந்து வருடம்கூடத் தேறாது. லாபத்தில் கால்வாசி வெறும் காற்று.

'விற்கவும்' என்று அறிக்கை எழுதினான். தன் பழைய அறிக்கைகள் தவறு என்பதையும் முதல் பக்கத்திலேயே சேர்த்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியீடு. அதுவரை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது, வீட்டிலும்தான். அது அந்த வேலையின் கண்டிப்பான விதி. முன்கூட்டியே தெரிந்துகொண்டு யாராவது பங்கை விற்றால் அது குற்றம்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். ஓய்வுப் பணம் மொத்தமும் அன்றுதான் வங்கிக்கு வந்திருந்தது.

"நாளைக்கு மார்க்கெட் திறந்ததும் உன் குப்பைக் கம்பெனியிலயே மொத்தத்தையும் போட்டுடலாம்னு இருக்கேன். என்னடா சொல்ற?"

விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் வழக்கம்போலப் பேச வேண்டும். வழக்கம்போலப் பேசினால் அவள் போட்டுவிடுவாள். ஏழு வருடமாக அளந்தவன் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அதுவே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் முகத்தைப் பார்த்தான். முப்பத்திரண்டு வருட உழைப்பு.

"இதுல என்னை எதுவும் கேக்காதக்கா."

அக்கா கையிலிருந்த வங்கிப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"சரி. போடல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஆமா, ஒண்ணும் சொல்லல. அப்போ கையில இருக்கிற பழசை மட்டும் காலைல..."

"அதைத் தொடாதக்கா. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் எதையும் தொடாத. தொட்டா தப்பு. உனக்கும் தப்பு, எனக்கும் தப்பு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி அவன் மனைவியிடம் பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் எட்டரைக்கே அவன், அலுவலகத்தில் யாரும் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் விதிமுறை அதிகாரியின் அறைக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் ஒப்புவித்தான். அந்தம்மா முழுவதையும் எழுதிக்கொண்டார்.

"உங்க அக்கா மார்க்கெட் திறந்ததும் விப்பாங்களா?"

"விக்க மாட்டாங்க மேடம்."

"பார்ப்போம். அறிக்கை போகும், உங்க பேர் இல்லாம. இனிமே இந்தக் கம்பெனியை வேற ஆள் பார்த்துக்குவாங்க."

ஏழு வருட உழைப்பு ஒரே பேச்சில் கைமாறியது. அவனுக்கு வலித்தது. ஆனாலும் கோப்புகளை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பத்து மணிக்கு அறிக்கை வந்தது. பதினொன்றுக்குள் பங்கின் விலை மூன்றில் ஒரு பாகம் விழுந்துவிட்டது. பதினொன்றே காலுக்கு அக்கா கூப்பிட்டாள்.

"பழசு நல்லா அடி வாங்கிடுச்சு."

"தெரியும்க்கா."

"நான் தொடல."

"தெரியும். மன்னிச்சுக்கோ. அந்தப் பழசை வாங்க வச்சதே நான்தான்."

"அது போகட்டும். நான் அதுக்குக் கூப்பிடல." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நேத்து நீ போடுன்னு சொல்லியிருந்தா அத்தனையும் போட்டிருப்பேன்டா. இன்னைக்கு இப்படி விழுந்த பிறகும் உன்மேல சந்தேகமே வந்திருக்காது. விழ ஆரம்பிச்சதுலேர்ந்து அதையேதான் நினைச்சிட்டிருக்கேன். உன்னை இவ்வளவு கண்ணை மூடிட்டு நம்புறது எனக்கே பயமா இருக்கு."