கடையில் இல்லாத உறுப்பு

பெசன்ட் நகர் மாதா கோயில் வாசலில் வெள்ளித் தகடு விற்கும் கடைகளில் ஒரு முழு மனுஷனையே துண்டு துண்டாக வாங்கிவிடலாம். கண் இருக்கும், காது இருக்கும், கை கால் எல்லாம் இருக்கும். உடம்பில் எது படுத்துகிறதோ அதைத் தகட்டில் வாங்கி மாதா காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் ஜனங்களின் வழக்கம். வீடு கட்ட வேண்டுமென்றால் வீடு, மாட்டுக்குச் சீக்கென்றால் மாடு. கருப்பை மட்டும் கிடையாது. ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிற உறுப்பு, ஒரு கடைக்காரனுக்கும் அதை வெட்டி வைக்கத் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வயிறு கீதுக்கா, தரட்டா?" என்றான் கடைக்காரன்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லப்பா, அது நல்லாத்தான் துன்னுது" என்றார் என் வீட்டுக்காரர் லியோனார்ட்.

என் மாமியார் செபஸ்தியம்மா எங்களைக் கண்டுகொள்ளாமல் ஒரு வெள்ளித் தொட்டிலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவருக்கு லியோனார்ட் ஒரே பிள்ளை. நான் என்ன சொல்ல முடியும்?

எனக்கு வயசுக்கு வந்த நாளிலிருந்தே அந்த நாட்களில் உயிர் போய்விட்டு வரும். "கல்யாணம் ஆனா சரியாப் பூடும்" என்று அம்மா சொன்னாள். கல்யாணம் ஆனது. "புள்ள பொறந்தா சரியாப் பூடும்" என்று மாமியார் சொன்னார். பிள்ளை பிறக்கவில்லை. காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில் பில் போடுகிற வேலை எனக்கு. வலி வந்த நாளில் படகு முதலாளிகள் யாரும் என் ஜன்னல் பக்கம் வரமாட்டார்கள். அந்த அளவுக்கு எரிந்து விழுவேன். கடைசியில் ஒரு லேடி டாக்டர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ்.

"இன்னாது இது, கிரீஸ்காரன் கப்பல் பேரு மாதிரி கீது" என்றார் லியோனார்ட். அவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். உலகத்தில் உள்ளதெல்லாம் அவருக்குக் கப்பல்தான்.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயும் மாசாமாசம் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் விளக்கினார். "வாடகைக்கு வந்தவன் தாவாரத்தையும் வளச்சிப் போட்டாப்ல" என்றார் இவர். டாக்டரே சிரித்துவிட்டார். சினைப்பையில் தேங்கிய பழைய ரத்தத்துக்குச் சாக்லேட் கட்டி என்று பெயராம். "அதான் எங்க வூட்ல இவ்ளோ எறும்பு" என்றார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

பிறகு டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "ஃப்ளோரன்ஸ், உள்ளே எல்லாம் ரொம்ப ஒட்டிப்போயிருந்தா கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். உள்ளே போய்ப் பார்த்தாத்தான் தெரியும். அப்படி வந்தா எடுக்கலாமா, இல்லை வலி இருந்தாலும் பரவாயில்லைன்னு விட்டுடணுமா? இது உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும். ஆபரேஷன் அன்னிக்குக் காலையில சொன்னாப் போதும்."

வெளியே வந்ததும் இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "எலந்தவடை துன்றியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எடுத்துவிட்டால் இந்த மனுஷன் என்னை எப்படிப் பார்ப்பார்? மாமியார் எப்படிப் பார்ப்பார்? நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் எதைக் கேட்டாலும் கேலியாகவே பதில் சொல்கிற ஆளிடம் இதைக் கேட்டு, அதற்கும் ஒரு கேலி வந்தால் என்னால் தாங்க முடியாது என்று பயமாக இருந்தது.

கடையில் கருப்பை இல்லையென்று தெரிந்ததும் லியோனார்ட் விடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் வெள்ளி வேலை செய்யும் பாஸ்கர் பத்தரிடம் போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். டாக்டர் அறைச் சுவரில் தொங்கிய படத்தை ஞாபகத்திலிருந்து தானே வரைந்து கொடுத்தாராம். பத்தர் பெருமாள் பக்தர், கல்யாணமாகாதவர். அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு தகட்டை அடித்து முடித்தார்கள்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தோம். நடுவில் ஒரு நீள முகம். இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற கொம்பு. கொம்புக்குக் கீழே இரண்டு உருண்டைகள், காது மாதிரி.

"இன்னாடா இது?" என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார் மாமியார்.

"கர்ப்பப்பைமா."

"மாட்டுத் தலைடா இது! வூட்ல ஆட்டுக்குட்டி கூட கெடையாது, எவன் மாட்டுக்குடா வேண்டிக்கப் போற?"

"படத்துல இப்டித்தாம்மா இருந்துச்சு."

படத்தில் அப்படித்தான் இருந்தது என்பது எனக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவேன், சிரித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை மூன்று பேரும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி மாதா கோயிலுக்குப் போனோம். காணிக்கை வைக்கிற வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள், லியோனார்ட் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "பாவம், மாட்டுக்கு இன்னா நோவு?" என்று விசாரித்தாள்.

இவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "ரொம்ப வருசமா நோவுமா. கிட்டப் போனா முட்டும், ஒதைக்கும். ஆனா நல்ல மாடு."

"விக்காத தம்பி. நல்ல மாடு கெடைக்காது."

"விப்பனாமா? யாரும் வாங்க மாட்டாங்களே."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நினைத்தபடியே வயிறு பிடித்துக்கொண்டது, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாமியாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

லியோனார்ட் மட்டும் முன்னால் போய் மண்டி போட்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக வின்ச் சத்தத்தில் இருந்து அவருக்குக் காது மந்தம். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவது தெருமுனைக்குக் கேட்கும். வீட்டில் யாரும் இதை அவரிடம் சொன்னதில்லை, சொல்லிவிட்டால் எங்களுக்கு விஷயங்கள் தெரியாமல் போய்விடுமே.

"மாதாவே," என்று ரகசியமாக ஆரம்பித்தார். நாலு பெஞ்சு தள்ளி எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "எங்கம்மா தொட்டிலு வாங்கி வெச்சிகினு கீது. அத்த நீ கண்டுக்காத. நான் இத்த உன்கிட்டயே குடுத்துட்றேன், நீயே வெச்சிக்க. எனக்கு அவள மட்டும் திருப்பிக் குடு. மாசாமாசம் தலவாணிய கடிச்சிகினு அழுவுறா. நான் தூங்கறேன்னு நெனச்சிகினு அழுவுறா. என்னால முடியல மாதாவே."

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு தரையைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, "வா, வெளிய போயி டீ குடிக்கலாம். அவன் எந்திரிக்க நேரமாவும்" என்றார். தொட்டிலை அன்று அவர் வைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் வந்தபோது லியோனார்ட் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். "யோசிச்சீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எடுக்க வேண்டி வந்தா எடுத்துடுங்க டாக்டர்" என்றேன். வலிக்குப் பயந்து சொன்னேனா, இவர் வேண்டிக்கொண்டதைக் கேட்டதால் சொன்னேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. லியோனார்ட் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல ஃப்ளோரி. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சாம். ஒரு பக்கத்துச் சினைப்பைய மட்டும் உட்டு வெச்சிகிறாங்க."

இதற்கு ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னிடம் கேலி பேசாத லியோனார்டை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை, அதுதான் ஆபரேஷனை விட எனக்குப் பயமாக இருந்தது.

"ஏதாவது சொல்லுய்யா" என்றேன்.

"நான்தான் ஃப்ளோரி. நான்தான் மாதாகிட்ட எடுத்துக்கோன்னு சொல்ட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சொல்ட்டேன். மாதா அப்டியே கேட்டுடுச்சு."

"தெரியும். நாலு பெஞ்சுக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?" அவர் காதெல்லாம் சிவந்துபோனது.

"நானும்தான் டாக்டர்கிட்ட சொன்னேன், எடுத்துடுங்கன்னு. எல்லாப் பழியையும் நீயே தூக்கிக்காத. மாதா தலையிலயும் போடாத."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகு நேரம் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "உனக்கு ஆசை இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷத்தில் அவர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் அவரைக் கேட்டதில்லை.

"இருந்துச்சுய்யா. உனக்கு?"

"பொண்ணுன்னா பேரே வெச்சிருந்தேன்."

"இன்னா பேரு?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "பெர்னதெத் செலஸ்டினா."

"கர்மம். இவ்ளோ நீளமா கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள ரோட்டத் தாண்டிப் பூடுமே."

"செல்லின்னு கூப்பிடலாம்னு நெனச்சேன்."

"செல்லி," என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவரும் சொன்னார், அவருடைய ரகசியக் குரலில். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.