தீயை எதிரியாக எடுத்த காவலன்

1

இந்தக் கதை முதலில் ஒரு விளையாட்டின் விதித்தாளாகத்தான் இருந்தது. இந்த வருடம், 1963-இல், சிவகாசி அச்சகம் ஒன்றில் தீப்பெட்டி லேபிள் வரைகிற கண்ணுச்சாமி, பரமபதத்தைப்போல் பகடை உருட்டி ஆடும் ஒரு புது ஆட்டத்தை வரைந்தார். நான் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் என்பதால், விதிகளை ஒழுங்காக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு காவலன். தொடக்கத்திலேயே ஆளுக்கு ஓர் எதிரியை எடுக்க வேண்டும்: சிறுத்தை, திருடன், விரியன், தீ. எடுத்த எதிரியிடம் மட்டுமே அவனுக்குத் தனித்திறமை. சிறுத்தைக் காவலன் தடம் பார்ப்பான். விரியன் காவலன் கடிபட்டாலும் ஒருமுறை பிழைப்பான்.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

“சித்திரை வெயிலில் சிவகாசி…” (இந்த வெயில் எல்லாக் கதையிலும் அடித்தாயிற்று.)

“கண்ணுச்சாமியின் மகள் சின்னத்தாய், இரண்டு வருடத்துக்கு முன், பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற கொட்டகைக்குள்…” (முடிக்க வரவில்லை. நீங்கள் முடித்திருப்பீர்கள்.)

3

தீயின் கட்டத்தில் கண்ணுச்சாமி காட்டை வரையவில்லை. ஒரு கொட்டகையையும் அதற்குள் நாலைந்து பெண்களையும் வரைந்திருந்தார். நான் ஏனென்று கேட்கவில்லை. எழுதினேன்: “தீயை எடுத்த காவலன் வெறுங்காலோடு நடப்பான். மருந்து வாடை மாறினாலே அறிவான். வெளியேறும் கதவை முதல் உருட்டிலேயே கண்டுபிடிப்பான்.”

[வெறுங்கால் என் கற்பனையில்லை. அந்தக் கொட்டகைகளுக்குப் போகிற பெண்கள், உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று, செருப்பையும் கொலுசையும் வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள்.]

4

ஆடிப் பார்க்க அவர் மனைவி இருளம்மாள் உட்கார்ந்தாள்.

“சிறுத்தைய நீக எங்கன பாத்தீக? நம்ம ஊர்ல ஆட்டைத் தூக்குறது நாய்தான?”

“நாயை வரைஞ்சா எவன் வாங்குவான்? எதிரியை எடுளா.”

அவள் தீயை எடுத்தாள். இரண்டே உருட்டு. அவள் காய் உள்ளே போய் எல்லாப் பெண்களையும் வெளியே கூட்டி வந்துவிட்டது.

“செயிச்சிட்டியே!” என்றார் கண்ணுச்சாமி.

“இம்புட்டு லேசாவா?” அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். “பின்கதவுல அடுக்குன பட்டாசுப் பெட்டி லோடு எங்க?”

“ஆட்டம்ளா இது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. தீ அதுக்குத் தெரிஞ்சதைத்தான செய்யும்? தீவாளி சீசன் சீசன்னு கதவை மறிச்சு லோடு அடுக்கச் சொன்னானே அந்தக் கம்பெனி மொதலாளி, அவனை எந்தக் கட்டத்துல போட்டுருக்காரு?”

“அவனைப் போட்டா நாளைக்கு லேபிள் ஆர்டர் யாரு தருவா?” என்றார் கண்ணுச்சாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

(இந்த இடத்தில் இருளம்மாளை அழ வைத்து எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

கொட்டகைக்குள் இருந்த பெண்கள்மேல் விரலை வைத்தாள். “இவுகளுக்கு உருட்ட முறை உண்டா?”

இல்லை என்றேன். காவலன் ஆடுவான், அவர்கள் காத்திருப்பார்கள்.

“அப்ப எம்மவ, முறையே வராமத்தான் உக்காந்துருந்தாளா?”

5

கண்ணுச்சாமி தாளைக் கிழித்துப் போட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். தீபாவளிக்கு ஆட்டம் ஆயிரக்கணக்கில் விற்றது என்று இன்னொன்று. இரண்டும் பொய். தாள் இன்னும் அச்சேறவில்லை. என் விதிகளுக்காக அவர் காத்திருக்கிறார்.

நேற்று ஒரு வரி சேர்த்தேன்: “கொட்டகைக்குள் இருப்பவரும் உருட்டலாம். லோடு மறித்த கதவு திறக்க விழ வேண்டிய எண்…”

பகடையில் ஆறுவரைதான் உண்டு. ஆறு என்று எழுதினால், சின்னத்தாய்க்கு அன்று விழவில்லை, அவ்வளவுதான் என்றாகிவிடும். ஏழு என்று எழுதினால் கதவு ஒருநாளும் திறக்காது; அது உண்மை. ஆனால் இருளம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

எண்ணை நீங்கள் எழுதுங்கள். எழுதிய பிறகு, தாளை அவள் கையில் நீங்களேதான் கொடுக்க வேண்டும்.