பக்கம் நாற்பத்தொன்றில் பதினோரு ஆண்டுகள்

எங்கள் பக்கத்தில் கோடை விடுமுறைக்கு ஒருவருக்கு நாவல் பரிந்துரைத்தால், அவர் அதைப் படித்து முடிக்கும்வரை பரிந்துரைத்தவர் அவர் வீட்டில் போய் இருக்க வேண்டும். பாயும் தலையணையும் வாசகர் வீட்டில் தருவார்கள். சோப்பு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

இந்த விதியில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. சொல்லப்போனால், இதை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று எங்கள் துறையின் சுவரிதழில் எழுதியவளே நான்தான். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு ‘முக்கியமான சமகாலக் குரல்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை ஒரு மாதம் அல்ல, ஒரு வருடம் உட்காரவைத்தாலும் தகும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த துறைத்தலைவர் இந்த ஆண்டு கோவில்பட்டி நூலகத்துப் பரிந்துரை மேசைக்கு என்னையே அனுப்பிவைத்தார். கையில் பன்னிரண்டு சமகால நாவல்களின் பட்டியல். பையில் ஜூன் மூன்றாம் தேதி முனைவர் பட்ட நேர்காணலுக்கான கடிதம். இருப்பது ஒரே ஓர் இடம். அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகவே மெல்லிய நாவலாகக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் வந்தவர் சீனிராஜ். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். முப்பது நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

“லீவுக்குப் படிக்க நல்லதா ஒண்ணு சொல்லு பாப்பா. ரொம்ப அழுவாச்சியா இருக்கக் கூடாது.”

நூற்று எண்பத்து நான்கு பக்க நாவல் ஒன்றைச் சொன்னேன். தலைப்பை இங்கே எழுதினால் அதுவும் பரிந்துரையாகிவிடும் என்பதால் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டேன். நூலகர் சீட்டில் மே 2, காலை 10.20 என்று குறித்தார். மெதுவாகப் படித்தாலும் பத்து நாள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் மனைவி மாரிக்கனி பாயை உதறிப் போட்டார். “போன வருசம் வந்தவரு காப்பி குடிக்க மாட்டாரு. நீ குடிப்பேல்லா?” என்றார். குடிப்பேன் என்றேன்.

சீனிராஜ் ஒரு கைக்கடிகாரத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர். நாவலின் முதல் அத்தியாயம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிகிறது. மறுநாள் ஆறு மணிக்கு உட்கார்ந்தார். ஏழரைக்கு முடித்தார். இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி பேருந்துக்காக நாற்பது நிமிடம் நிற்கிறாள் என்று ஒரு வரி வருகிறது. புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு நாற்பது நிமிடம் சும்மா இருந்தார்.

“வரி ஒண்ணுதானே சார்?” என்றேன்.

“வரி ஒண்ணுதான். நேரம் நாப்பது நிமிசம்லா. டயத்துக்கு முன்னாடி வண்டிய எடுத்தா, அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவன் என்ன ஆவான்?”

வாசிப்பு நேரமும் கதை நேரமும் ஒன்றல்ல என்று விளக்கினேன். ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நோட்டில் தாமதம் என்று குறித்துக்கொண்டார்.

பெரிதாகக் குறை சொல்வதற்கும் இல்லை. கதை நாளுக்கு நாள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மே பதினாறாம் தேதி சாயங்காலம் அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். நான் முப்பத்தெட்டாம் பக்கம் வரை படித்திருந்தேன். முப்பத்தெட்டுப் பக்கம் படித்தால் ஒரு நாவலின் தரம் தெரிந்துவிடும் என்பது என் கருத்து. இப்போதும் அதே கருத்துதான்.

“பதினோரு ஆண்டுகள் கழிந்தன” என்று சீனிராஜ் வாய்விட்டுப் படித்தார். புத்தகத்தை மூடி ஃபிரிஜ்ஜின் மேல் வைத்தார். சமையலறைப் பக்கம் பார்த்து, “மாரி, பதினோரு வருசம்” என்றார்.

“அப்ப இந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டில் வாங்கணும்லா” என்றார் மாரிக்கனி. “பாயில எத்தன நாளைக்குத்தான் படுக்கும்?”

“சார், ஜூன் மூணு எனக்கு நேர்காணல்.”

“தள்ளி வைக்கச் சொல்லேன்.”

“பதினோரு வருசமா?”

“நான் என்னம்மா செய்ய? நானா எழுதுனேன்? நீதான நல்லாருக்கும்ன.”

இதற்கு நான்கு பதில்கள் சொன்னேன். நான்கும் சரியான பதில்கள். பதினெட்டு நிமிடம் தாமதம் என்று எழுதினார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். என் அம்மா செண்பகவல்லி இதே கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சாத்தூர் போனவள்.

“யாருக்கும் எதையும் சிபாரிசு பண்ணாதன்னு தலையால அடிச்சிக்கிட்டேம்லாட்டி” என்றாள் அம்மா. “நான் எட்டாவது முடிச்ச லீவுல எங்க வீட்டுக்கும் ஒருத்தி வந்து உக்காந்தா. யப்பா, என்ன வாயி! சோத்துல உப்பு கம்மின்னா அதுக்கு நாலு காரணம் சொல்லுவா.”

“அவ எப்பம்மா போனா?”

“போனாளான்னே தெரியலட்டி. கல்யாணமாகி நான்தான் அங்கேருந்து வந்துட்டேன்.”

பரிந்துரைத்தவர் நாவலைப் படிக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. மறுநாள் காலை ஃபிரிஜ் மேலிருந்து புத்தகத்தை எடுத்து முப்பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். நல்ல நாவல். முப்பத்தெட்டாம் பக்கத்தில் நான் கணித்தது சரியாகவே இருந்தது. கடைசி அத்தியாயம், “நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு” என்று தொடங்கியது. அதில் கதாநாயகி சின்னப் பிள்ளை. அவளை யாரோ பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதோடு நாவல் முடிகிறது.

சீனிராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“சார், விளாத்திகுளம் போற வண்டி திரும்பி வருமா, வராதா?”

“வரும்.”

“இந்தக் கதை பதினோரு வருசம் முன்னால போகுது. அப்புறம் நாப்பது வருசம் பின்னால வருது. கிளம்புன நேரத்துக்கு இருபத்தொன்பது வருசம் முன்னாடியே வண்டி டிப்போவுக்குள்ள வந்துட்டு சார். வந்து நிக்கிற வண்டிய நீங்க பாதி வழியில பதினோரு வருசம் நிறுத்தி வைக்கிறது எந்த ஊரு நியாயம்?”

அவர் நோட்டை எடுத்துக் குறித்துப் பார்த்தார். நடு அத்தியாயங்களில் ஆங்காங்கே இருந்த நாட்களையும் வாரங்களையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். டீ ஆறிப்போனது.

“பாயின்ட்டு சரிதான்” என்றார். “முந்தியே வந்துட்ட வண்டிய நிறுத்தி வைக்க ரூல்ஸ் இல்ல.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தார். நாலு மணிக்கு முடித்தார். முடித்த சீட்டில் அன்றைய தேதிக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முந்தைய தேதியைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“நல்ல கதைதான் பாப்பா. கடைசியில அந்தப் பிள்ளைய ஏத்துன வண்டி கரெக்ட் டயத்துக்கு வந்துச்சு பாத்தியா?”

மாரிக்கனி வழிக்கு என்று கடலைமிட்டாய் கட்டிக் கொடுத்தார். “கட்டில்லாம் பாத்து வச்சிருந்தேன்” என்றார். அவருக்கு வருத்தம்தான்.

சீட்டை ஒப்படைக்க நூலகத்துக்கு நடந்தேன். அங்கே வேறொரு நூலகர் இருந்தார். கட்டடத்துக்கு இப்போது ஓட்டுக்கூரை. சீட்டிலிருந்த தேதியைச் சுவரில் தொங்கிய காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்குத் தேதிதான். சரியா இருக்கு” என்று முத்திரை குத்தினார். பிறகு என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

“பரிந்துரை மேசைக்கு இந்த வருசம் ஆள் வரல. நீங்க உக்காருங்களேன்.”

நேர்காணல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது ஆண்டுகளும் பதினேழு நாட்களும் இருந்தன. தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது. உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு ஒரு பெண் வந்தாள். எட்டாவது முடித்திருந்தாள்.

“அக்கா, லீவுக்குப் படிக்க ஒரு நாவல் சொல்லுங்க.”

பட்டியலில் இருந்த பன்னிரண்டில் நான் கடைசிப் பக்கம் வரை படித்தது ஒன்றுதான். படிக்காததைப் பரிந்துரைப்பவள் அல்ல நான். மனசாட்சிப்படி அந்த ஒன்றையே சொல்லிக் கையெழுத்திட்டேன். அவளும் சீட்டை வாங்கிச் செண்பகவல்லி என்று நிறுத்தி எழுதினாள்.

“ஆனா அது எழுதி வெளிவர இன்னும் இருபத்தாறு வருசம் ஆகும்” என்றேன்.

“பரவாயில்லக்கா. எங்க வீட்ல பாயெல்லாம் இருக்கு” என்று என் பையைத் தூக்கிக்கொண்டாள். “நீங்க சோப்பு கொண்டாந்திருக்கீங்களா?”

கொண்டுவந்திருந்தேன்.