ஓப்பல் கண்விழிக்கும் இடம்

ஓப்பல் என்ற கைக்குழந்தையின் விலை ஒரு டாலர் எழுபத்தைந்து சென்ட். அதே சனிக்கிழமை, கார்வர் ஊர் தேவாலயக் கூடத்தின் அதே மேடையில், ஓர் உலர்திராட்சைக் கேக் நாலு டாலருக்கும் ஓரம் பிரிந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று பதினொரு டாலருக்கும் போயின. அதனால் குழந்தை கொள்ளை மலிவு என்று வாங்கியவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். குழந்தையின் பெற்றோர் அந்த நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்ல வந்த இளம் தம்பதி. வசந்தகால வெள்ளம் பாலத்தையும் அதன்மேல் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய வண்டியையும் சேர்த்து இழுத்துப் போய்விட்டது. உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. லிங்கன் நகரத்து அநாதை இல்லத்திலிருந்து ஆள் வரும்வரை பால் செலவுக்குப் பணம் சேர்க்கத்தான் அந்த ஏலம்.

ஏலம் போட்டவர் ஸ்ட்ரூப். படையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, ஆனாலும் ஏலக்காரர் என்பதால் ஊருக்கு அவர் கர்னல். அவருடைய சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். அவர் விற்ற மாடுகள் ஓட்டுவதற்கு ஆள் இல்லாமலே புதுச் சொந்தக்காரரின் கொட்டகைக்கு நடந்து போய்விடும். ஒருமுறை ஒரு பியானோ, வாங்கியவர் காசோலையில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவர் வீட்டு முன்னறையில் போய் நின்றுவிட்டது. வழியில் சுருதி கலைந்ததற்கு மட்டும் அவர் தள்ளுபடி கேட்டார். கடைசிக் கேக்கும் போன பிறகு, கூட்டத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று கர்னல் குழந்தையைத் தூக்கிக் காட்டி, நல்ல கால்கள், நல்ல குரல், பல் இனிமேல்தான், என்ன விலை சொல்கிறீர்கள் என்று கேட்டார். கன்று ஈனும் பருவம் அது. டெல்மர் யோஸ்ட் சில நாட்களாகவே தூங்கவில்லை. உட்கார்ந்தபடி கண் சொருகி அவர் தலை முன்னால் விழுந்தது. அந்த ஊரில் தலை அசைந்தால் அது ஏலக்கேள்வி. அவர் விட்ட குறட்டையைப் பொறுக்க முடியாமல், பக்கத்திலிருக்கும் யாராவது அந்த ஆளை ஒரு குத்துக் குத்தட்டும் என்று நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்டித் குசேரா கையைத் தூக்கினாள். இரண்டும் ஒரே நொடியில் நடந்தன. முந்தியது யார் என்று கர்னலால் பிரிக்க முடியவில்லை. சுத்தியல் இருவர் பேருக்கும் சேர்ந்தே விழுந்துவிட்டது.

கார்வர் முழுக்கத் தேடினாலும் இதைவிடப் பொருந்தாத ஒரு ஜோடி கிடைத்திருக்காது. இருவர் பண்ணையும் ஒரே வேலியின் இரண்டு பக்கம். வேலியின் நடுவில் எதிரெதிரே நின்று, அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதியை அவரவர் பழுதுபார்க்க வேண்டும் என்பது மணல்மேட்டு வழக்கம். நடு எது என்பதில்தான் தகராறு. இரண்டு பேரும் தன் பங்கில்லை என்று விட்டுவிட்ட துண்டு வழியாக டெல்மரின் வெள்ளை மூஞ்சி ஹியர்ஃபோர்டு ஜாதிக் காளை நுழைந்தது. அடுத்த வசந்தத்தில் ஆர்டித்தின் உயர்ஜாதிக் கறுப்புக் கிடாரிகள் அத்தனையும் வெள்ளை மூஞ்சிக் கன்றுகளாக ஈன்று தள்ளின. அதன் பிறகு எட்டு வருஷமாக இருவரும் தேவாலயத்தில்கூட ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டதில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தைத் தனியாளாக நடத்திய ஆர்டித்துக்கு வயது முப்பத்தாறு. ஆண்பிள்ளைகளைப் பற்றி அவளுக்கிருந்த கருத்து, காளைகளைப் பற்றி இருந்ததைவிடச் சற்றுத் தாழ்ந்தது.

வாரத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்ளட்டும் என்று கர்னல் தீர்ப்புச் சொன்னார். முதல் நாள் ஆர்டித் மேசை இழுப்பறையைக் காலி செய்து, பஞ்சுப் போர்வை விரித்து, அதில் குழந்தையைப் படுக்க வைத்தாள். விடியற்காலை இழுப்பறை காலி. கொட்டகை, கிணறு, கோழிக்கூடு என்று தேடி ஓடியவள் கடைசியில் வேலியோரப் புல்லில் ஓப்பலைக் கண்டாள். குழந்தை முழித்துக்கொண்டு, சுற்றி நின்ற மாடுகளின் மூக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து டெல்மரும் வந்துவிட்டார்.

"காட்டுக்கோழி மாதிரி புள்ளையைப் புல்லுல போட்டுட்டுப் போயிருக்கியே, உனக்கெல்லாம் மனசு இருக்காம்மா?" என்றார்.

"யோவ், வேலி தாண்டுறது உன் காளைக்கு மட்டுந்தான் பழக்கம்னு நெனச்சேன். வீட்டுக்குள்ள பூந்து புள்ளையைத் தூக்குற அளவுக்கு வந்துட்டியா?" என்றாள் அவள்.

மறுநாளும் அப்படியே. கதவைப் பூட்டிப் பார்த்தாள். தன் மணிக்கட்டையும் குழந்தையின் கணுக்காலையும் ரிப்பனால் கட்டிப் பார்த்தாள். விடிந்தபோது ரிப்பன் அவிழாத முடிச்சோடு அவள் கையில் இருந்தது, குழந்தை வேலியில் இருந்தது. மதப்படிப்புக்கு முன்னால் சாலை அளவை வேலை பார்த்த போதகர் லுண்ட், சங்கிலி பிடித்து அளந்து உண்மையைக் கண்டுபிடித்தார். இருவரும் தூங்கும்போது அவர்கள் தலைகள் எங்கே இருக்கின்றனவோ, அவற்றுக்குச் சரியாக நடுவில்தான் ஓப்பல் கண்விழிக்கிறாள். விற்றது விற்றதுதான், ஆளுக்குச் சரிபாதி. ஞாயிறு ஆராதனையில், பாட்டுப் பயிற்சிக்கும் கூட்டு விருந்துக்கும் இடையில் அவர் இதையும் ஓர் அறிவிப்பாக வாசித்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிங்கனிலிருந்து வந்த திருமதி ஹேகன் மட்டும் நம்பாமல் குழந்தையை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் விடியலில் ஓப்பல் வழக்கமான புல்லில் கிடந்தாள், இல்லத்தின் முத்திரை குத்திய கவுனோடு. கவுனைத் துவைத்துத் தபாலில் அனுப்பினார்கள். அத்தோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது.

கணக்குத் தெரிந்ததும் ஆர்டித்துக்கு யோசனை ஓடியது. தன் படுக்கையை மேற்கே நகர்த்தினால் நடுவும் மேற்கே நகரும், குழந்தை தன் நிலத்துக்கு வந்துவிடும். கட்டிலை மேற்கு வைக்கோல் கொட்டகைக்கு இழுத்தாள். இரண்டு நாள் ஓப்பல் அவளுடைய புல்லில் கண்விழித்தாள். மூன்றாம் நாள் மறுபடி வேலியிலேயே. டெல்மர் தன் கட்டிலைக் கிழக்கே இழுத்திருந்தார். அவள் அடுத்த மேட்டுக்குப் போனாள், அவரும் போனார். ஜூன் பிறந்தபோது ஆர்டித் பக்கத்துத் தாலுகாவில் ஒரு பல் வைத்தியர் வீட்டுச் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். டெல்மர் எதிர்த்திசையில் ஒரு தானியக் கிடங்கின் மாடியில் கிடந்தார். இரண்டு பண்ணையிலும் பசுக்கள் பால் கட்டிக் கத்தின. குழந்தையோ அதே வேலியில் அதே புல்லில். இருவரும் விடியுமுன் எழுந்து பல மைல் வண்டி ஓட்டி அங்கே வந்து, எதிரெதிரே கொட்டாவி விட்டுக்கொண்டு பால் புட்டியை நீட்டினார்கள்.

கடைசியில் போனில் சமரசம் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் போன் என்பது ஒரே கம்பி, பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குப் பொது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நீ பழைய இடத்துக்கு வா நானும் வருகிறேன் என்று அவர் சொல்ல, நீ முதலில் வா என்று இவள் சொல்ல, அது பாதி மாலையைத் தின்றது. கம்பியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து தொலைங்கப்பா. நான் டாக்டருக்குப் போன் போடணும்."

அதன் பின் கோடை நன்றாகவே போனது. விடியலில் வேலிக்கு இந்தப் பக்கம் பாலோடு ஆர்டித், அந்தப் பக்கம் காப்பியும் லவங்கப்பட்டை ரொட்டியும் எடுத்துக்கொண்டு டெல்மர். கன்றுக்குப் பாலின் சூடு பார்ப்பதுபோல் அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் புட்டியைக் குழந்தை வாயில் வைப்பார். அந்த மணிக்கட்டைத் தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது ஆகஸ்டில்தான் ஆர்டித்துக்கு உறைத்தது. கோபமாக வந்தது. அன்று முழுக்க வேலிக்கம்பி முறுக்கினாள். யாருடைய பாதி என்று பார்க்கவில்லை.

முதல் உறைபனி விழுந்த காலையில் ஓப்பலின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. சட்டைக்குள் விட்டுச் சூடேற்றியதும் சரியாகிவிட்டாள், ஆனால் பெரியவர்கள் இருவரும் மத்தியானம்வரை அவளைக் கீழே விடவில்லை. அந்த வாரமே டெல்மர் நடு இடத்தில், வேலியின் மேலேயே, ஓர் அறை கட்டினார். ஓர் அடுப்பு, ஒரு தொட்டில். பாதி அறை அவர் நிலத்தில், பாதி அவளுடையதில், வேலிக்கம்பி சுவர் வழியாக உள்ளே வந்து வெளியே போனது. இருவரும் அவரவர் கட்டிலில் படுத்தால் குழந்தை தொட்டிலில் விழிக்கும். யாராவது ஒருவர் வேறெங்காவது தூங்கினால், குழந்தை பனியில் விழிக்கும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நவம்பரில் டெல்மர் மாடு விற்க ஏலச் சந்தைக்குப் போனார். விடியுமுன் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவதாகப் பேச்சு. மத்தியானம் வடக்கு வானம் ஸ்லேட் நிறத்துக்கு மாறியது. ஆர்டித் சந்தைக்குப் போன் போட்டாள். விலை நன்றாகப் போனதாகவும் அவர் அப்போதே கிளம்பிவிட்டதாகவும் சொன்னார்கள். எந்த வழி என்று கேட்பதற்குள் கம்பி அறுந்தது. காற்று பனியைப் படுக்கைவாட்டில் வீச ஆரம்பித்தது. அவள் ஜன்னலோரம் குழந்தையோடு நின்று கணக்குப் போட்டாள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தெரியாவிட்டால் நடு எது என்று தெரியாது. அவர் எங்கேயோ வண்டிக்குள் கண்ணயர்ந்தால், இவளும் களைத்து ஒரு நொடி கண்ணயர்ந்தால், ஓப்பல் எங்கேயோ பெயர் தெரியாத ஒரு மேட்டில், பனிக்குள் கண்விழிப்பாள். தேடக்கூட இடம் தெரியாது. அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. தூரத்தைப் பூஜ்யமாக்கினால் நடு எங்கேயும் போகாது.

மாடுகளுக்குத் தீனி கொண்டுபோகும் சறுக்குவண்டியில் வைக்கோலை நிரப்பி, பாரக்குதிரை இரண்டைப் பூட்டி, குழந்தையைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சாலை தெரியவில்லை, சாலையோர வேலி மட்டும் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். போகும்போது ஆண்டவரோடு பேரம் பேசினாள். காளை விஷயத்தை விட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். பனி குறையவில்லை. வேலி முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். காற்று இன்னும் கூடியது. வெள்ளை மூஞ்சிக் கன்றுகள் நல்ல எடை வந்து நல்ல விலைக்குப் போனதை எட்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை, அதையும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆண்டவர் அதற்கும் மசியவில்லை. கடைசியில் கைவசம் ஒன்றும் இல்லாமல், எனக்கு இவள் வேண்டும், அந்த ஆளும் வேண்டும், கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லி முடித்தாள். குதிரைகள் நின்றன. முன்னால் வேலிக்கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, புருவமெல்லாம் பனிக்கட்டியாக, டெல்மர் நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் அதே கணக்கைப் போட்டு, பள்ளத்தில் மாட்டிய வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"புள்ள?" என்றார்.

"கோட்டுக்குள்ள. ஏறுங்க."

எட்டு வருஷத்தில் அவள் அவருக்குக் கொடுத்த முதல் மரியாதை அது. இருவரும் சறுக்குவண்டியை வேலியோரம் திருப்பி, குதிரைகளைக் காற்றுக்கு மறைவில் கட்டி, வைக்கோலைக் குடைந்து உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார்கள். டெல்மர் மரியாதைக்கு ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்தார்.

"இடைவெளி இருந்தா குழந்தைக்குக் குளிரும்" என்றாள் ஆர்டித்.

"எவ்வளவு இடைவெளி இருக்கலாம்?"

"எதுவும் வேண்டாம்."

அவர் நெருங்கி வந்து, இப்போது போதுமா என்றார். ஏலம் இன்னும் முடியலை என்றாள் அவள். காலையில் தேடி வந்தவர்கள் வைக்கோலைக் கிளறியபோது, ஓப்பல் இருவருக்கும் சரியாக நடுவில், சிவந்த கன்னங்களோடு, ஒரு காலை டெல்மரின் தாடையிலும் ஒரு கையை ஆர்டித்தின் மூக்கிலும் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தேடி வந்தவர்களில் கர்னலும் ஒருவர். சுத்தியல் கைவசம் இல்லாததால் அவர் மண்வெட்டியால் வண்டியின் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போதகர் லுண்ட் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். முதல் இரவிலிருந்தே விடியும்போது ஓப்பல் கட்டிலின் நடுவில் இருந்தாள். தொட்டிலை எங்கே வைத்தாலும் பலன் இல்லை. பின்னால் பிறந்த இரண்டு பையன்களைப் பற்றி ஊரில் சிலர் சந்தேகமாகக் கேட்டதற்கு, பண்ணையில் பகல் என்றும் ஒன்று உண்டு என்று டெல்மர் முகம் மாறாமல் பதில் சொன்னார். ஓப்பல் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், கணக்கில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தாள். டெல்மர் மாடு ஏற்றிக்கொண்டு ஒமாஹா போகும் நாட்களில் அவள் இரவு உடைக்குப் பதில் பள்ளி உடையும் காலணியும் போட்டுக்கொண்டு படுப்பாள். பாதி வழியில், லூப் ஆற்றங்கரையில், ஸாபெல் என்பவர்களின் பண்ணைவீட்டுச் சமையலறையில் விழிப்பாள். அவர்கள் அவளுக்காக அடுப்போரம் ஒரு கட்டிலைப் போட்டே வைத்திருந்தார்கள். தோசைக்கல்லில் சுட்ட இனிப்பு அடைகளைத் தின்றுவிட்டு அவள் ஒன்பது மணிப் பேருந்தைப் பிடிப்பாள். அந்தப் பயணச்சீட்டுக்கு ஸாபெல் வீட்டார் கொடுத்த பணத்தை டெல்மர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சென்ட் மிச்சமில்லாமல் தீர்த்துவிடுவார். அடைகளுக்கு மட்டும் அவர்கள் விலை சொல்ல மறுக்கிறார்கள். கடைசியாக எண்ணியபோது நூற்றுப் பன்னிரண்டு அடைகள், பாக்கி.